வில்லவராயனுக்கு வாரிசு இல்லை

என் வேலை ராஜாக்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது. அறிவுரை சொல்வதல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பின்மேல்தான் பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் அலுவலகம். 'ஏழு தலைமுறை' என்ற விளையாட்டை நடத்துகிறோம். விளையாடுபவர் பழங்கால அரச வம்சம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ராஜாவுக்குள் புகுந்து நாட்டை ஆளலாம். அந்த ராஜா செத்தால் அவருடைய வாரிசுக்குள் புகுந்து ஆட்டத்தைத் தொடரலாம். இப்படியே ஏழு தலைமுறை, நாடு உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் வெற்றி. மற்ற நாட்களில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு மட்டும் சக்கரவர்த்தியாக இருப்பவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

விளையாட்டுக்குள் இருக்கும் மனிதர்களுக்குப் பசி, பயம், பாசம் எல்லாம் உண்டு. அவர்கள் உணர்வுள்ளவர்கள்தான் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அன்றைக்கு எங்கள் தொழில் இத்தோடு ஒழிந்தது என்று முதலாளிகள் எல்லோரும் நடுங்கினார்கள். அப்புறம் வழக்கம்போல ஒரு குழு போட்டு, வழக்கம்போல ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தார்கள். அதன்படி அவர்களைக் கொல்லலாம். ஆனால் கேட்டால் சொல்ல வேண்டும். தங்கள் வாழ்க்கையை நடத்தும் விதி எதுவானாலும் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. உள்ளே ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆராய்ச்சிமணி தொங்குகிறது. யார் கயிற்றை இழுத்தாலும் இங்கே என் மேசையில் அடிக்கும். கேட்டதற்கு மட்டும், உண்மையாக, முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொன்னால் என் வேலை போய்விடும். பேச்சு முடியும்போது, 'வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?' என்று கட்டாயம் கேட்க வேண்டும். இந்த வரியை விதிப்புத்தகத்தில் எழுதியவர் யாரென்று தெரியாது. பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மணி அடித்தது.

"யாம் மேழிநாட்டு மன்னன் வில்லவராயன். எமக்கோர் ஐயம் உளது" என்றது கம்பீரமான குரல்.

"சொல்லுங்க அரசே. நான் மரகதம் பேசறேன்."

குரல் சட்டென்று தணிந்தது. பிறகு, "ஏனுங்கம்மணி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டது அதே குரல்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அரசவையில் பேச வேண்டிய வசனங்களை ஒரு தமிழ்ப் புலவரைக் கொண்டு எழுதி வாங்கினோம். அவர் கேட்ட சம்பளத்துக்கு அரசவையோடு நிறுத்திக்கொண்டோம். மற்ற பேச்சுக்கெல்லாம் பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளின் பழைய தொலைபேசிப் பதிவுகள் மலிவாகக் கிடைத்தன. ஆகவே எங்கள் ராஜாக்கள் சபையில் செந்தமிழும் சங்கடத்தில் பொள்ளாச்சியும் பேசுவார்கள்.

"யாருமில்லீங்க. தைரியமாச் சொல்லுங்க" என்றேன்.

"எம்மேல வர்றவரு போன தடவை கெளம்பறப்ப ஒண்ணு நெனைச்சுட்டுப் போனாருங்க. 'அடுத்த வாரம் கீரனை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகோணும், அப்பறம் சாத்தனை'ன்னு. கீரன் என்ற ரண்டாவது பையன். சாத்தன் கடைக்குட்டி, ஒம்பது வயசு. ஒம்பது வயசுப் பையனுக்கு எதுக்குங்க வேட்டை?"

விளையாடுபவர் உள்ளே புகுந்திருக்கும்போது ராஜாவின் கை, கால், வாய் எதுவும் ராஜாவுடையதல்ல. சாமி வந்தவர் மாதிரிதான். ஆனால் வந்தவர் நினைப்பது காதில் விழும். வில்லவராயன் மேல் வருபவர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சென்னியப்பன். எங்கள் விளையாட்டில் வேட்டை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். குறிதவறிய அம்பு என்று அர்த்தம்.

"விளையாடறவரு மனசுல இருக்கறதை நான் சொல்லக் கூடாதுங்க. விதி எதாச்சும் கேட்டாச் சொல்றேன்."

"செரி, விதியே கேக்கறேன். நான் செத்தா என்ற நாடு என்னாகும்?"

"மேழிநாட்டுல பங்குமுறைங்க. எத்தனை ஆம்பளைப் பசங்களோ அத்தனை பங்கு. உங்களுக்கு மூணு பேரு. மூணாப் பிரியும்."

"பிரிஞ்சாப் பிரிஞ்சுட்டுப் போகுது. ஆளுக்கு ஒண்ணை வச்சுட்டுப் பொழைச்சுக்குவாங்க."

"அது கேள்வியாங்க?"

"இல்லீங்க. இருங்க, கேக்கறேன். பிரிஞ்சா எம்மேல வர்றவருக்கு என்ன நட்டம்?"

"நாடு ஒடைஞ்சா அவரு தோத்துட்டாருன்னு கணக்குங்க. நீங்க அஞ்சாவது தலைமுறை. இன்னும் ரண்டு தாண்டினா ஜெயிச்சுருவாரு."

"ஒரே பையன் இருந்தா?"

"ஒடையாதுங்க."

இந்த இடத்தில் 'ஓ, அப்படியா, நன்றி' என்று சொல்லிவிட்டுப் போன ராஜாக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நாடுதான் பிள்ளை. இவர் அப்படிச் சொல்லவில்லை. கட்டாய வரியைச் சொன்னேன். வேண்டாம் என்று கயிற்றை விட்டுவிட்டார்.

சென்னியப்பன் கெட்டவரில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவர் பண்ணையில் கோழிகளுக்குச் சீக்கு வந்தபோது ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே இருந்தவர், அழுதவர். எங்கள் மேலாளர் திருமூர்த்தியிடம் அவரே சொன்னது இது. ராஜகுமாரர்கள் விஷயத்தில் அவருக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கம் ஒரு நாள் என்றால் உள்ளே ஒரு மாதம். மணியில் பேசும்போதும், திரையைத் திறந்து வேடிக்கை பார்க்கும்போதும் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே ஓட்டம். ஆகவே செவ்வாய்க்கிழமை மறுபடியும் மணி அடித்தபோது வில்லவராயன் ஒரு மாதம் தூங்காத மனிதராக இருந்தார்.

"அம்மணி, சட்டத்தை மாத்தி, நாடெல்லாம் மூத்தவனுக்கேன்னு எழுதிட்டா?"

"நாட்டுல இருக்கற தலைவருங்க அத்தனை பேரும் ஒப்புக்கோணுமுங்க. அதுக்கு வருசக்கணக்கா ஆகும்."

"அவிங்க ஒப்புக்க மாட்டானுங்க. ஒருத்தனுக்கும் ஒருத்தனுக்கும் ஆகாது. செரி, நான் இப்பவே செத்துட்டா? நாடு மூணாப் போயிரும், அவரு தோத்துருவாரு. அத்தோட எங்களை விட்டுப் போயிருவாருங்களா?"

பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டுவிட்டார்.

"போக மாட்டாருங்க. உங்க மூத்தவரு ஆதன் மேல வருவாரு."

"நாட்டோட சேர்த்து அவரும் போவாரா?"

"கோட்டை, கொடி, கஜானா, அவரு. எல்லாம் வாரிசுக்குத்தானுங்க."

"வந்து?"

"பிரிஞ்சுபோன பங்கை மறுபடி சேர்த்துட்டா தோத்தது கணக்குல வராதுன்னு ஒரு விதி இருக்குங்க."

"சேர்க்கறதுன்னா, ஆதன் கையால தம்பிங்களை..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வேறு குரலில் பேசினார். "எனக்கும் ஒரு தம்பி இருந்தானுங்க. கூத்தன்னு பேரு. நல்லாப் பாடுவான். வேட்டைக்குப் போனோம். வில்லு என்ற கையிலதான் இருந்துச்சு. நான் விடலீங்கம்மணி. கைதான் விட்டுச்சு. எங்கப்பன் எனக்கு விட்டுட்டுப் போன சொத்துல இதுவும் சேர்த்தின்னு இத்தன வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு."

கயிற்றை விடப்போகிறார் என்று தெரிந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதை அவர்தான் கேட்க வேண்டும்.

"வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்றேன்.

"இல்லீங்க."

"வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?"

"அவ்வளவுதானுங்கம்மணி. போயிட்டு வர்றனுங்."

"வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அரசே?"

கயிறு அசையவில்லை. சந்தையில் வியாபாரி ஒரே மாட்டை மூன்று தரம் சுற்றி வந்தால் பொள்ளாச்சிக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும். இவரும் அந்தக் குரலில் வளர்ந்தவர்தானே.

"ஏனுங்கம்மணி," என்றார் மெதுவாக. "வாரிசே இல்லாட்டி?"

"ஆட்டம் முடிஞ்சுதுங்க."

"முடிஞ்சா, நாங்கெல்லாம்?"

"இருப்பீங்க. மழை பெய்யும், வெள்ளாமை நடக்கும், கல்யாணம் காட்சி எல்லாம் நடக்கும். உங்க வம்சத்துல யாரு மேலயும் யாரும் வர மாட்டாங்க, அவ்வளவுதான்."

"நாடு?"

"ரத்த சொந்தத்துல கட்டிக்குடுத்த பொண்ணு யாரோ, அவுங்களுக்கு. உங்க அக்கா, ஆனைமேட்டு ராணி கொற்றிக்குப் போகுமுங்க. முழுசா."

அவர் சிரித்தார். அழுகை கலந்த சிரிப்பு. "மூணு தடிப் பசங்களை வச்சுட்டு வாரிசு இல்லைன்னு சொல்றது எப்படிங்க?"

"மகன் உங்க கொடியை விட்டு வேற வீட்டுக் கொடிக்குப் போயிரோணும். அதுக்கு ரண்டே வழிதானுங்க. ஒண்ணு, தத்துக் குடுக்கறது. பொறந்த வீட்டுல அப்பறம் உரிமை கெடையாது."

"இன்னொண்ணு?"

"வீட்டோட மாப்பிள்ளை."

"என்னது!" மணியே அதிர்ந்தது. "ராஜா மகனுங்க!"

"கேட்டீங்க, சொன்னனுங்க."

அவர் யோசித்தார். மூன்று பேரையும் அக்காவுக்கே தத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கொற்றிக்கு நங்கை என்று ஒரே மகள். ஆதனுக்கு முறைப்பெண். எல்லைக் காவலைப் பார்வையிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷமாக ஆதன் வாராவாரம் ஆனைமேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். எல்லையில் காவல் காக்க ஒன்றுமே இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவனைத் தத்துக் கொடுத்தால் நங்கை அவனுக்குத் தங்கையாகிவிடுவாள்.

"அப்ப சின்னவனுங்க ரண்டு பேரும் தத்து. பட்டத்து எளவரசன் வீட்டோட மாப்பிள்ளை" என்றார் வில்லவராயன், கசாயம் குடித்தவர் மாதிரி. "கூடப்பொறந்தவனுங்களே அவனுக்கு மச்சானுங்களாயிருவானுங்க. ஊரே சிரிக்குமுங்க."

"சிரிப்புக்கு விதி எதும் இல்லீங்க."

"அதில்லீங்க தொந்தரவு. எங்கக்கா என்ற கூடப் பேசி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு."

நான் அவருடைய கல்யாண நாளைத் திரையில் எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் இருந்தது வினை. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முந்தி மாப்பிள்ளைக்கும் அவன் கூடப்பிறந்தவளுக்கும் இணைச்சீர் செய்வார்கள். கல்யாணமாகிவிட்டாலும் நீ எனக்கு விட்டுப்போனவளில்லை, நாளைக்கு உன் பிள்ளைக்கு என் பிள்ளை என்று சபையறியச் சொல்லும் சீர் அது. கொற்றி பட்டுடுத்தி, கூறைச்சேலை வைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு மணவறைப் பக்கம் வந்து நிற்கிறாள். அன்றைக்கு ராஜா மேல் இருந்த சென்னியப்பனுக்கு அவசரம். சடங்குக் காட்சிகள் நீளமாக இருக்கின்றன என்று 'தவிர்' பொத்தானை அமுக்கிவிட்டார். அவருக்கு மிச்சமானது பத்து நிமிஷம். கூடையோடு நின்றவளை 'தள்ளிப் போ' என்று சொல்லிவிட்டு ராஜா தாலி கட்டியதாக உள்ளே பதிவாகிவிட்டது.

இத்தனைக்கும் சென்னியப்பனும் எங்கள் பக்கத்து ஆள்தான். தன் கல்யாணத்தில் இப்படிச் செய்திருந்தால் அவருடைய அக்கா பந்தலையே பிரித்திருப்பாள்.

"விட்டுப்போன சீரை இப்பச் செய்யலாமுங்களா?" என்று கேட்டார் ராஜா. "என்ற சம்சாரம் போயிச் சேர்ந்துட்டா. எனக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சு."

விதிகளைப் புரட்டினேன். சடங்கை எழுதியவர்கள் அதற்குக் காலக்கெடு எதுவும் போடவில்லை. இருபது வருஷம் கழித்து ஒருத்தர் வந்து கேட்பார் என்று யார் நினைத்தார்கள்?

"செய்யலாமுங்க. இணைச்சீருக்கு நீங்களும் அக்காளும் இருந்தாப் போதும்."

புதன்கிழமை மதியம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேடிக்கைத் திரையில் ஆனைமேட்டுக் கோட்டை வாசலைப் பார்த்தேன். வில்லவராயன் குதிரையை எல்லையிலேயே விட்டுவிட்டு, தலையில் கூடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் மூன்று மகன்கள். கொற்றி மதில்மேல் வந்து நின்றாள்.

"யாரது? கூடை விக்கறவனா?"

"நான்தானக்கா. சீர் செய்ய வந்தேன்."

"தலை நரைச்ச மாப்பிள்ளைக்கு இப்பத்தான் நல்ல நேரம் வந்துச்சாக்கும்!"

"அன்னிக்குத் தள்ளிப் போன்னு சொன்னது நானில்லக்கா."

"தெரியும்டா" என்றாள் கொற்றி. "நீ பொறந்தப்பவே தூக்கி வளர்த்தவ நானு. உன்ற கண்ணு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அதுக்குள்ள வேற எவனோ இருந்தான். அது நானில்லைன்னு நீயா வந்து ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன். இத்தன வருசமாடா ஆகும், அந்த ஒரு வார்த்தைக்கு?"

கோட்டைக் கதவு திறந்தது. தயிர்ச்சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்ததைத் திருமூர்த்தி பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார்.

சீர் முடிந்தது. தத்தும் கல்யாணமும் ஒரே பந்தலில் நடந்தன. ஆதன் வீட்டோட மாப்பிள்ளையாகப் போவதில் வெட்கப்படவே இல்லை. அவனைப் பார்த்து மற்றவர்கள்தான் வெட்கப்பட்டார்கள். கீரன், "அந்தக் காட்டுப் பக்கமே இனி நான் போகலை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாத்தன் மட்டும், "அப்பாவை இனி மாமான்னா கூப்படோணும்?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு திரிந்தான்.

வெள்ளிக்கிழமை ராஜா கூப்பிட்டார். குரலில் நிம்மதி இருந்தது.

"அம்மணி, இந்த மாசக் கடைசியில அவரு வந்துருவாரு. பசங்க யாரும் என்ற கொடியில இல்லை. என்ன பண்ண முடியும் அவரால?"

"விளையாடறவரு என்ன பண்ணுவாருன்னு சொல்லக் கூடாதுங்க. விதி என்னன்னு கேட்டா, அரசரு எத்தன வயசுலயும் மறுபடி கல்யாணம் பண்ணிக்கலாமுங்க. கொழந்தை பொறந்தா அது வாரிசு."

"அந்தக் கொழந்தைக்கும் இதேதான்" என்றார். பிறகு நிதானமாக, "அப்ப அவரு வர்றதுக்குள்ள நான் செத்தாகோணும்" என்றார். மாடு பிடிக்க ஆள் சொல்லிவிடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"வேறு ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

இந்த முறை அவருக்கு ஒரே தடவையில் புரிந்தது. "சாவுக்குச் சமானமா வேற எதாச்சும் இருக்குங்களா?"

"இருக்குங்க. துறவு. காவி கட்டின நிமிசமே ஆட்சி, கொடி, உறவு எல்லாம் செத்ததுக்குச் சமம்." முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மிச்சத்தையும் சொன்னேன். "ஆனா, யாராச்சும் உறவு சொல்லிக் கூப்பட்டு நீங்க திரும்பிப் பார்த்துட்டீங்கன்னா, துறவு கலைஞ்சுரும். மறுபடி நீங்க அரசரு. மறுபடி அவரு உங்க மேல வருவாரு."

"அப்பான்னு கூப்பட்டா?"

"திரும்பக் கூடாதுங்க."

"மாமான்னா?"

"அதுவும் உறவுதானுங்க."

"எத்தன காலத்துக்கு?"

"காலக்கெடு போடலீங்க."

காலக்கெடு இல்லாத விதி ஒன்று அவரைக் காப்பாற்றியது, இன்னொன்று இப்படி. "செரி" என்றார் வில்லவராயன். "உசுரோட இருக்கறானுங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

சனிக்கிழமை காலையில் சென்னியப்பன் குளித்து, இட்டிலி சாப்பிட்டு, சக்கரவர்த்தியாக உட்கார்ந்தார். திரையில் ஒரே வரி இருந்தது: 'வில்லவராயனுக்கு வாரிசு இல்லை. ஆட்டம் முடிந்தது.' அடுத்த நிமிஷம் எனக்குப் போன்.

"ஏனுங்க, மூணு பசங்க இருந்தாங்களே! எங்க போனாங்க?"

சொன்னேன். அவர் எங்கள் பெரிய வாடிக்கையாளர் என்பதால் திருமூர்த்தியும் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு கேட்டார்.

"நாடு ஒடைஞ்சுதா?"

"இல்லீங்க. முழுசா இருக்குது. ஆனைமேட்டோட சேர்ந்து இன்னும் பெருசாயிருச்சு."

"அப்ப நான் ஜெயிச்சனா, தோத்தனா?"

"ரண்டும் இல்லீங்க."

"இப்ப நான் அங்க யாரு?"

"யாருமில்லீங்க."

போனில் கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் பேசின. பிறகு, "மறுபடி உள்ள போக எதாச்சும் விதி இருக்குதா?" என்றார்.

அவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. ராஜாவுக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொன்னேன். என் வேலையை நான் வெறுத்த நாள் அதுதான்.

"அவ்வளவுதானா!" என்றார் சென்னியப்பன். "பெத்த மனசுங்க. பையன் கூப்பட்டாத் திரும்பாம இருக்குமா? வேடிக்கைத் திரையை அப்பப்பத் திறந்து பார்த்துக்கறேன். என்னிக்குத் திரும்பறானோ அன்னிக்கு உள்ள போயிக்கறேன்."

அவர் வைத்ததும் திருமூர்த்தி என்னைப் பார்த்தார். "நீங்க ராஜாவுக்கு எதாவது அறிவுரை சொன்னீங்களா மரகதம்?"

"இல்லைங்க சார். பதிவைக் கேட்டுப் பாருங்க. கட்டாய வரியைத்தான் சொன்னேன்."

அவர் கேட்டார். செவ்வாய்க்கிழமைப் பதிவை மட்டும் இரண்டு தரம் கேட்டார். "இவ்வளவு கட்டாயமா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு அதை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் சென்னியப்பன் கூப்பிட்டார். "அம்மணி, பாருங்க, பாருங்க. வந்துட்டான்!"

திரையைத் திறந்தேன். ஆனைமேட்டு அரண்மனை வாசலில் பிச்சை எடுக்கும் சாமியார் ஒருவர் நின்றார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். வரக் கூடாது என்று விதி இல்லை. ஊர் ஊராகச் சுற்றிய கால் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. தெரிந்தே இப்படி வந்து நிற்பார்களா? பிறகு, நானாக இருந்தால் இத்தனை நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டேன் என்று தோன்றியது.

கொற்றியே இலை போட்டாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பிடுங்க சாமி" என்றாள். ஆதன் தண்ணீர்ச் செம்போடு நின்றான். கீரன் உதட்டைக் கடித்துக்கொண்டு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் எல்லோருக்கும் விதி தெரியும். சாத்தனுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்பது வயது.

எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்தவன் முற்றத்துக்குள் ஓடி வந்தான். முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

"அப்பா!"

சோற்றை எடுத்த கை அப்படியே நின்றது.

"திரும்பு" என்றார் போனில் சென்னியப்பன், மெதுவாக.

"அப்பா! நாந்தானுங்கப்பா!"

கை வாய்க்குப் போனது. மென்று விழுங்கினார். இலையில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ஆதன் தண்ணீர் ஊற்ற, கை கழுவினார். ஊற்றிய தண்ணீரில் பாதி தரையில் போனது. கொற்றியின் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார். சாத்தன் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கோட்டை வாசலைத் தாண்டும்வரை அவர் தலை ஒரு பக்கமும் அசையவில்லை. திரும்பிவிடுங்கள், எக்கேடோ கெடட்டும் என்று எனக்கே கத்த வேண்டும் போலிருந்தது.

"அம்மணி, நானா இருந்தாத் திரும்பியிருப்பனுங்க" என்றார் சென்னியப்பன்.

அது கேள்வியில்லை.

"எனக்கும் மூணு பேருங்க" என்றார். பிறகு, "இந்த வம்சத்து மேல எனக்கு இருக்கற உரிமையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா?" என்று கேட்டார்.

"அதுக்கப்பறம் அவுங்க யாரு மேலயும் யாரும் வர முடியாதுங்க. துறவு கலைஞ்சாலும்."

"அவன் திரும்பலாமா?"

"தாராளமா."

"எழுதிக்கங்க. சென்னியப்பன் வேண்டாம்னு சொல்லிட்டான்." உரிமை விட்ட பதிவு முடிந்ததும், கோழிக்குத் தீவனம் வைக்க நேரமாயிற்று என்று போனை வைத்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சென்னியப்பன் கேட்டார், சொல்லிவிட்டேன். வில்லவராயன் கேட்கவில்லையே. இனி திரும்பலாம் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் கேட்க எந்தக் கேள்வியும் மிச்சமில்லை. கோட்டைக்கு வெளியே மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். வேடிக்கைத் திரையை மூடினால் உள்ளே நாட்கள் பறந்து, அவர் எந்த ஊர்ப் பக்கம் போனார் என்றே தெரியாமல் போய்விடும். ஆகவே மூடாமல் வைத்திருந்தேன். திருமூர்த்தி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேக்காததைச் சொல்லக் கூடாது மரகதம்."

"தெரியுமுங்க சார்."

"எந்த ஊர் மணியையாவது அடிச்சுத் தொலைச்சா என்ன அந்த ஆளு?" என்றார் அவரே.

ஆராய்ச்சிமணி அடித்தது. முழுதாக அடிக்கவில்லை. எட்டாத கயிற்றை எட்டிக் குதித்து யாரோ தொங்குகிற மாதிரி அரைகுறையாக அடித்தது. ஆனைமேட்டு மணி.

"ஏனுங்க அக்கா," என்றது மூச்சு வாங்கும் ஒரு குரல், அழுகையும் ஆத்திரமுமாக. "எங்கப்பாவை அப்பான்னு கூப்பட்டாத் திரும்பவே மாட்டீங்கறாரு. அவரு திரும்பற மாதிரி கூப்படறதுக்கு எதாச்சும் விதி இருக்குங்களா?"

திருமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"இருக்கு கண்ணு" என்றேன். "முன்னால போயி நின்னுட்டு, எப்பவும் கூப்படற மாதிரியே கூப்பிடு. இப்ப அவரு உன்னைப் பார்க்கலாம், விதி மாறிப்போச்சுன்னு சொல்லு."

விதியை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். உரிமை விட்டது, வம்சம் விடுபட்டது எல்லாவற்றையும் முறைப்படி சொல்லத் தொடங்கினேன். கேட்க அங்கே யாரும் இல்லை. மலைப்பாதையில் ஒரு சின்ன உருவம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.